ரோடு வரலைன்னா யார் பொறுப்பு? ஜவ்வாது மலையில் ஓட்டுக்கு முன் சொன்னதும், பின் கேட்க முடியாததும்

ஜவ்வாது மலை ஒன்றுதான். ஆனால் அரசாங்க மேப்பில் அது மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, காவலூர் பக்கமெல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, அல்லேரி என்று அணைக்கட்டு வழியாக ஏற வேண்டிய ஊர்கள் வேலூர் மாவட்டம். மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கோடுகளால் பெரிய வித்தியாசம் கிடையாது. எல்லாப் பக்கமும் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர்தான், எல்லாப் பக்கமும் சாமையும் புளியும் தேனும்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கோடு பெரிதாகத் தெரிகிறது. "ஓட்டு கேக்க வந்தப்போ ரோடு போட்டுத் தர்றேன்னு சொன்னீங்களே, என்னாச்சு?" என்று ஒருவர் கேட்க நினைத்தால், அவர் எந்தச் சரிவில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல ஆள் இருப்பதும் இல்லாததும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. ஜெயித்தவர்கள் 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்களின் ஐந்தாண்டு முடிந்தது. ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தின் 11 ஊராட்சிகளும் அதோடு தனி அலுவலர் கைக்குப் போயின. வேலூரும் திருப்பத்தூரும் வேறு கதை. 2019 நவம்பரில்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால், உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் ஒன்பது மாவட்டங்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தல் நடத்தச் சொன்னது. விடுபட்ட ஒன்பதுக்கும் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அவர்களுடைய பதவிக்காலம் 2026 அக்டோபரில்தான் முடிகிறது.

ஆக, ஒரே மலையில் ஒரே மாதிரியான குறைகளும் ஒரே மாதிரியான வாக்குறுதிகளும் இருக்க, கிழக்கே கேட்க ஆளில்லை, மேற்கேயும் வடக்கேயும் ஆள் உண்டு. ஆனால் ஆள் இருந்தபோது மட்டும் பதில் கிடைத்ததா என்பதுதான் இங்கே விஷயமே.

வாக்குறுதியை மீறினால் கேஸ் போட முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சமூக வலைதளங்களில் "சொன்னதைச் செய்யாதவன் மேல கேஸ் போடணும்" என்ற பேச்சு அடிக்கடி வரும்.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனதே தமிழ்நாட்டிலிருந்துதான். இலவச கலர் டிவி உள்ளிட்ட தேர்தல் அறிக்கை அறிவிப்புகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில் 2013 ஜூலை 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் தரப்படும் வாக்குறுதிகளை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்கீழ் ஊழல் நடவடிக்கையாகக் கருத முடியாது என்றது நீதிமன்றம். அதே சமயம், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு அந்த நெறிமுறைகள் வந்தன. வாக்குறுதிக்கான நியாயம் என்ன, பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்சிகள் ஓரளவாவது சொல்ல வேண்டும் என்பது அதில் முக்கியமானது.

கவனிக்க வேண்டியது, இவை கட்சிகளுக்கானவை. ஊராட்சித் தலைவர், வார்டு மெம்பர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பதே இல்லை. கட்சிச் சின்னம் கிடையாது, தேர்தல் அறிக்கை கிடையாது. வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான். கோயில் திடலில், டீக்கடையில், சாவு வீட்டு வாசலில் என்று எங்கேயும் வாய் வார்த்தைதான். பேப்பரில் இல்லாத ஒன்றை மீறினார் என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

சரி, சொன்னதைச் செய்யவில்லை என்று பதவியிலிருந்து இறக்க முடியுமா? 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆவது பிரிவு இருக்கிறது. சட்டத்தையோ சட்டப்படியான உத்தரவையோ வேண்டுமென்றே மீறினாலோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ ஊராட்சித் தலைவரை நீக்கலாம். ஆனால் நீக்குவது மாவட்ட ஆட்சியர், ஓட்டுப் போட்டவர்கள் அல்ல. அதிலும் 'வாக்குறுதியை நிறைவேற்றவில்லை' என்ற காரணத்துக்கு இடமில்லை.

நாலு கலர் சீட்டு, நாலு வகை அதிகாரம்

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கு பேரும் தனித்தனியாக வந்து ஓட்டுக் கேட்பார்கள். மலையில் நான்கு பேரும் சொல்வது பெரும்பாலும் ஒன்றையேதான்: ரோடு, தண்ணி, பட்டா, ஆஸ்பத்திரி, பஸ். கொஞ்ச வருடமாக செல்போன் டவரும் சேர்ந்திருக்கிறது.

இதில் யாரால் எது முடியும்? ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகளைப் போடுவது, பராமரிப்பது, தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றுவது, குடிநீர், சுடுகாடு. அதாவது குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் சாக்கே சொல்ல முடியாது. அது தலைவரின் வேலை. பட்டா வருவாய்த் துறை சமாச்சாரம். காட்டு நிலமாக இருந்தால் வன உரிமைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழு முடிவெடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் மாநில அரசின் கையில். பஸ் போக்குவரத்துக் கழகத்தின் கையில். டவர் கம்பெனிக்காரர்களும் மத்திய அரசும் பார்த்துக்கொள்வது.

வார்டு மெம்பர் "டவர் கொண்டு வர்றேன்" என்றால் அவர் சொல்வது பொய் என்று அர்த்தமில்லை. 'நான் போய்க் கேட்பேன்' என்பதைத்தான் அவர் 'நான் செய்வேன்' என்று சொல்லிவிடுகிறார். ஓட்டுக் கேட்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாரும் அளப்பதில்லை. ஜெயித்த பிறகு அந்தத் தூரமே வசதியான சாக்காகிறது: "நான் சொன்னேன், ஃபாரஸ்ட்டு விடமாட்டேங்கிறான்."

'ஃபாரஸ்ட்டு விடமாட்டேங்கிறான்'

ஜவ்வாது மலையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் பதில் இதுவாகத்தான் இருக்கும். இது எவ்வளவு தூரம் உண்மை?

2023 மே மாதக் கடைசியில் தமிழ்நாடு முழுக்க ஒரு செய்தி ஓடியது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் பாதியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மீதி வழியை, கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், தாய் அந்தச் சின்ன உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். அதன் பிறகு அதிகாரிகள் மலை ஏறினார்கள். சாலை போடப்படும் என்று மாவட்ட நிர்வாகம் உறுதி கொடுத்தது. வனத்துறை அனுமதி என்ற பிரச்சினை ஒன்று இருப்பதே சமவெளியில் இருப்பவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பகுதியில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பதவியேற்று அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

அனுமதிச் சிக்கல் கற்பனை இல்லை. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதே மலையில், காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1960-களின் கடைசியிலேயே அங்கே விஞ்ஞானிகள் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தொலைநோக்கி ஏற வழி கிடைத்த மலையில் ஆம்புலன்ஸ் ஏற வழியில்லையா என்று கேட்கத் தோன்றும். 1980-க்கு முன்னால் இந்தச் சட்டம் கிடையாது என்பது நேர்மையான பதில். கேட்டது யார் என்பதும் ஒரு பதில்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகை வசதிகளுக்கு, 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாண்டி, காட்டு நிலத்தை விடலாம். நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் 1 ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. இன்னொரு நிபந்தனை, கிராம சபை அந்த வேலையைப் பரிந்துரைக்க வேண்டும். கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடிவெடுக்கலாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும்.

நீளமான மலைச்சாலை 1 ஹெக்டேருக்குள் அடங்காமல் போகலாம். சரிவு, பாறை, மரங்களின் எண்ணிக்கை என்று நிஜமான சிக்கல்கள் வரும். காட்டைக் காப்பதும் வனத்துறையின் வேலைதான், அதில் தப்பில்லை. ஆனாலும் 3(2) வழி ஆரம்பிப்பது கிராம சபைத் தீர்மானத்தில். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவதற்கு ஃபாரஸ்ட்டின் அனுமதி வேண்டாம், எம்எல்ஏவின் சிபாரிசு வேண்டாம், நிதியும் வேண்டாம். கிராம சபையைக் கூட்டுவது ஊராட்சித் தலைவரின் பொறுப்பு.

ரோடு வராதது ஒரு ஊராட்சித் தலைவரின் தவறு இல்லாமல் போகலாம். தீர்மானம் வராதது அவருடைய தவறுதான். போட்ட தீர்மானம் எந்த மேசையில் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்லாததும் அவருடைய தவறுதான். வாக்குறுதியை மீறியதாக ஒருவர்மேல் கோபப்படும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது.

'பாவம், அவங்களால என்ன பண்ண முடியும்?'

இப்படி ஒரு எதிர்வாதம் உண்டு, அதை லேசில் தள்ளிவிட முடியாது. மலை ஊராட்சித் தலைவர் என்றால் கார், ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலையில் மணிக்கணக்கில் நடை. கையில் வரும் நிதி கரன்ட் பில்லுக்கும் மோட்டார் ரிப்பேருக்குமே போய்விடும். செக்கில் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பைல், மெமோ, எஸ்டிமேட் எல்லாம் அதிகாரிகளின் பாஷை. தலைவர் பழங்குடிப் பெண்ணாக இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் "கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணும்மா" என்பது சாதாரணமாக நடக்கும்.

அரசியல் பலமும் மலைக்குக் குறைவு. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே இரண்டு. ஜவ்வாது மலை அதில் வராது. மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் மலை ஓட்டுகள், ஒவ்வொரு தொகுதியிலும் சமவெளி ஓட்டுகளுக்குள் கரைந்துவிடுகின்றன. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே செல்லாது. அது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன, தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. இதைப் பற்றி எந்தக் கட்சியும் மலையில் வந்து பேசுவதில்லை என்பது தனி வருத்தம்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வளவும் ஓட்டுக் கேட்கும்போதும் உண்மையாகத்தான் இருந்தது. அன்றைக்கு இல்லாத தடை எதுவும் ஜெயித்த பிறகு புதிதாக முளைத்துவிடவில்லை. "என்னால ரோடு போட முடியாது, ஆனா அஞ்சு வருஷமும் அந்த பைல் பின்னாடி அலைவேன்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருக்கலாம். அப்படிச் சொன்னால் எதிராளி "நான் போட்டே தர்றேன்" என்று சொல்லி ஜெயித்துவிடுவாரே என்கிறீர்களா? அந்தப் பயம் நியாயமானது. பொறுப்பில் கொஞ்சம் பங்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் இருக்கிறது என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

ஆண்டுக்கு ஆறு நாள்

கேள்வி கேட்பதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஓட்டர் லிஸ்ட்டில் பேர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கோரம் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தலைவர் கூட்டாவிட்டால் மாவட்ட ஆட்சியர் கூட்டலாம்.

பேப்பரில் அருமையாக இருக்கிறது. மலையில் என்ன நடக்கும்? கூட்டம் ஒரு குக்கிராமத்தில் நடக்கும், மற்றவர்கள் அங்கே வர காடு மேடு தாண்ட வேண்டும். வருஷத்தில் பல மாதங்கள் பாதி ஊர் ஊரிலேயே இருக்காது. கேரளாவுக்கும் குடகுக்கும் எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பார்கள், இளவட்டங்கள் திருப்பூரிலோ ஓசூரிலோ இருப்பார்கள். வேலை தேடிப் போவது இந்த மலையில் சும்மா ஒரு பொருளாதாரச் செய்தி அல்ல. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 'உள்ளூரிலேயே வேலை' என்பது அதற்கு முன்னும் பின்னும் மலையில் கேட்கும் வாக்குறுதிதான்.

அப்புறம் அந்தக் கையெழுத்துப் பழக்கம். கூட்டமே சரியாக நடக்காமல், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ நோட்டை நீட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவது. மலை, சமவெளி வித்தியாசமில்லாமல் பல ஊர்களில் உள்ள பழைய புகார் இது. இப்படி நிரம்பிய தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கே தெரியாது. ஐந்து வருடம் கழித்துத் தலைவரிடம் கணக்குக் கேட்க வேண்டிய ஒரே ஆவணம் இப்படித்தான் செல்லாக்காசாகிறது.

தலைவரே இல்லாத காலம்

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-ல்தான் நடந்தது. 1991-ல் பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் 1996-ல். ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு சொன்ன பிறகும், 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. இப்போது 2025 ஜனவரியிலிருந்து மறுபடியும்.

தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், மக்கள் வாயில் பிடிஓ. அவர் நல்லவராக இருக்கலாம், சுறுசுறுப்பானவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை, யாருக்கும் எதையும் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபர் வந்தால் போய்விடுவார். 11 ஊராட்சிகளின் குக்கிராமங்களுக்கு ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது ஒருவரால் ஆகிற காரியமா? தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. ஆக, தேர்தல் தள்ளிப்போவதால் கேள்விக்கு ஆள் இல்லாமல் போவதோடு, வேலைக்குப் பணமும் சிக்கலாகிறது. இதில் பழைய தலைவருக்கு ஒரு சௌகரியம். "என் காலத்துலயே முடிச்சிருப்பேன், அதுக்குள்ள பதவி போயிடுச்சு" என்று அவர் சொல்லலாம். அது சரியா தப்பா என்று ஓட்டில் காட்ட ஊருக்கு வாய்ப்பே வரவில்லை.

உள்ளாட்சி வாக்குறுதி மீறல்களிலேயே பெரியது, காலத்தில் தேர்தல் நடத்தாத மாநில அரசுகள் செய்வதுதான். ஆட்சிகள் மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

திரும்ப அழைத்தால் சரியாகிவிடுமா?

ஹரியானாவில் 2020-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். சரியாக வேலை செய்யாத ஊராட்சித் தலைவரை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு இறக்கலாம். இதைத் தமிழ்நாட்டிலும் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை இளைஞர்கள் மத்தியில் கவர்ச்சியாக இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசிக்க வேண்டும்.

திருப்பத்தூர் மாவட்டம் ஆம்பூர் அருகே மலையில் இருக்கும் நாயக்கனேரி ஊராட்சியில் 2021-ல் நடந்ததைப் பார்த்தால் தயக்கம் வரும். அங்கே தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பெரும்பான்மையான பழங்குடி மக்கள், எங்கள் ஊரில் இந்த ஒதுக்கீடு ஏன் என்று எதிர்த்துத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஒரே ஒரு பெண் மனு போட்டுப் போட்டியின்றித் தேர்வானார். ஆனால் எதிர்ப்பாலும் நீதிமன்ற வழக்காலும் அவரால் பதவியேற்க முடியாமல் காலம் ஓடியது. ஒதுக்கீட்டைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்பது தனி விவாதம். ஆனால் பெரும்பான்மை ஒன்று சேர்ந்தால் ஒருவரை நாற்காலியில் உட்காரவே விடாமல் செய்ய முடியும் என்பதை அந்த ஊர் காட்டிவிட்டது. அந்தப் பெரும்பான்மை கையில் 'திரும்ப அழைக்கும் உரிமை'யும் இருந்தால், வேலை செய்யாத தலைவரைவிட, வேலை செய்யும் ஒரு தலித் பெண் தலைவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார்.

இதைவிட மெதுவான ஒரு வழி ராஜஸ்தானில் இருந்து வந்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஒரு பொது விசாரணை நடத்தியது. பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஊராட்சி வேலைகளின் பில்லையும் வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். யார் பெயரில் கூலி எழுதியிருக்கிறது, எந்தக் கட்டடம் முடிந்ததாகக் காட்டியிருக்கிறது என்று கேட்டதும், எதிரில் உட்கார்ந்திருந்தவர்களே "அது பொய்" என்று எழுந்து நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களும் சாட்சி சொல்ல முடிந்தது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலைக்கு இது அப்படியே பொருந்தும். போன வருஷம் போட்ட தீர்மானங்களை அடுத்த கிராம சபையில் முதல் வேலையாக உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், இது இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி பதில். ரேஞ்சரிடமா, டிஎஃப்ஓவிடமா, பிடிஓவிடமா, இல்லை, ஊராட்சி அலுவலகத்தை விட்டே கிளம்பவில்லையா? அந்த ஒரு வரியில் தலைவர் உழைத்தாரா ஏமாற்றினாரா என்பது தெரிந்துவிடும். நேர்மையாக அலைந்த தலைவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பும் கிடையாது.

தலைவர் பதவி காலியாக இருக்கும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் இதற்குத் தடையில்லை. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. வன உரிமைச் சட்டப்படி கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதால் அந்தக் குழு கலைந்துவிடாது. ஊரில் இல்லாமல் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மலைப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தங்கள் ஊராட்சியின் கடந்த ஐந்தாண்டுத் தீர்மானங்களின் நகலைக் கேட்டு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ மனு போடலாம். பதில் தர 30 நாள். அந்த நகலில் 'சாலை' என்ற சொல் எத்தனை முறை வருகிறது, 3(2) என்ற எண் ஒரு முறையாவது வருகிறதா என்று பார்க்கலாம். வந்திருந்தால் அடுத்த மனு டிஎஃப்ஓ அலுவலகத்துக்கு. வரவே இல்லை என்றால், அடுத்த முறை அதே முகம் ஓட்டுக் கேட்டு வரும்போது காட்டுவதற்கு அந்தப் பேப்பரை வீட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம்.

வேலூர், திருப்பத்தூர் பக்கத்துத் தலைவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் வரும் கிராம சபைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.